தாஷ்கண்ட் தாடி

10.1.99, ஞாயிறு

போன் வந்தது. ஞாயிறுதோறும் பத்து மணிக்கு நானும் அத்தையும் செபஸ்தியான் சாருடைய எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்கார்ந்திருப்போம். தாஷ்கண்டிலிருந்து இவர் கூப்பிடுவார். தில்லிக் கம்பெனி ஒன்று அங்கே ஓட்டல் கட்டுகிறது. அதற்குக் கதவு, நிலை, சுவர்ப்பலகை வேலைக்காக ஆயுதபூஜை முடிந்ததும் போனவர்.

"பனி முழங்கால் வரைக்கும் கெடக்கு வல்லி."

"தாடி?" என்றேன்.

"அது மப்ளர் மாதிரி ஆயிருச்சு. குளிருக்கு நல்லதுதான்."

அத்தை ரிசீவரைப் பிடுங்கி, "கத்திரிக்கோலைக்கூடப் பக்கத்துல வச்சுக்காதேய்யா சிவசங்கரா" என்றார். பூத்தில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி உண்டாகியிருந்தால் புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம். போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் எனக்குக் கலைந்துபோனது. அதற்கு முந்தின வாரம் மானகிரியில் ஒரு கல்யாணத்துக்காக இவர் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்து நின்றார். டாக்டரம்மா வேறு காரணம் சொன்னார். அத்தை இன்றுவரை அந்தச் சவரத்தைத்தான் சொல்கிறார்.

நான் டாக்டரம்மா கட்சி. பகல் நேரத்தில் மட்டும்.

24.1.99, ஞாயிறு

அக்ரோம் என்று ஓர் உஸ்பெக் தச்சர் இவருக்குக் கூட்டாளியாகிவிட்டார். இவருக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் ஓயாமல் பேசிக்கொள்கிறார்களாம். இங்கே என்னிடம் தமிழ் இருந்தும் பேசாத மனுஷன்!

அக்ரோமுக்கும் தாடி. "அவருது சாமிக்கு வச்சது, என்னுது பொண்டாட்டிக்கு வச்சது" என்றார். தாடியைத் தொட்டு, வயிற்றின் மேல் கையால் பெரிதாக ஒரு வளைவு காட்டி விளக்கினாராம். அக்ரோம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மறுநாள் எனக்கென்று ஒரு பை காய்ந்த பழம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"என்ன பழம்?"

"பேரு தெரியல. பேரீச்சையும் இல்ல, திராட்சையும் இல்ல. நல்லா இனிச்சுச்சு."

இனிச்சுச்சாம். அப்படியென்றால் தின்றாயிற்று.

17.2.99, புதன்

தாஷ்கண்டில் நேற்று குண்டு வெடித்திருக்கிறது. ஓரிடத்தில் இல்லை, ஊருக்குள் பல இடங்களில். அந்த நாட்டு அதிபரைக் குறிவைத்தார்கள் என்கிறார்கள். செத்தவர்களும் இருக்கிறார்கள்.

"சாஸ்திரி செத்த ஊராச்சே, போகும்போதே சொன்னேன்ல" என்றார் மாமா. அவர் அறுபத்தாறிலிருந்து அந்த ஊர்மேல் கோபமாக இருக்கிறார். அத்தை விளக்கேற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பூத்துக்கு ஓடினேன். செபஸ்தியான் சார் நம்பரைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், ஆறுதலையும் கணக்காகத்தான் சொல்லுவார். "எத்தனை லட்சம் சனம் இருக்கிற ஊரும்மா. உன் வீட்டுக்காரரைத் தேடியா வந்து வெடிக்கும்?"

எனக்குக் கணக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. பயமாயிருக்கு. வேற ஒண்ணும் எழுத வரல.

18.2.99

கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசிலிருந்து பூத்துக்குச் செய்தி. எல்லா ஆட்களும் பத்திரம். அத்தை ஒரு தேங்காயைத் தெருவில் போட்டு உடைத்தார். மூன்று சில்லு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து விழுந்தது. அதையும் நல்ல சகுனம் என்கிறார்.

21.2.99, ஞாயிறு

பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பூத்தில் இருந்தோம். போன் வரவில்லை.

23.2.99, செவ்வாய்

வந்துவிட்டது. குரல் கேட்டுவிட்டது. இனி நிதானமாக எழுதலாம்.

சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் போலீஸ் ஏறியிருக்கிறது. குண்டு வைத்தவர்களைத் தேடி ஊர் முழுக்கச் சோதனையாம். தாடி வைத்தவன், விடாமல் தொழப் போகிறவன் என்றால் உடனே சந்தேகம். இவரையும் அக்ரோமையும் இறக்கினார்கள். பாஸ்போர்ட்டைத் திறந்தால் உள்ளே மழமழவென்று ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். எதிரே நிற்பது ஒரு சாமியார்.

ஏன் தாடி என்று கேட்டிருப்பார்கள் போல. இந்தப் புத்திசாலி அக்ரோமுக்குக் காட்டினாரே, அதே மாதிரி தாடியைத் தொட்டு, வயிற்றின் மேல் பெரிதாக வளைவு காட்டியிருக்கிறார். சட்டைக்குள் எதையோ கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று நாலு பேர் மேலே பாய்ந்து சட்டையைக் கிழித்துவிட்டார்கள். உள்ளே இருந்தது நான் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்றாம்.

போனிலேயே சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன்.

கம்பெனி மேனேஜர் போய் மறுநாள் மீட்டுக்கொண்டு வந்தார். அக்ரோமை விடவில்லை. "அவருக்காகப் போயி நிக்க ஒரு கம்பெனியும் இல்ல வல்லி. ஒண்ணுமே செய்யாத மனுஷன். குண்டு வெடிச்ச நேரத்துல என் கூடத்தான் நிலை மாட்டிக்கிட்டு இருந்தாரு. அதை நான் எந்த பாஷையில சொல்ல?"

தாடியை எடுக்காவிட்டால் வெளியே போகாதே என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். "நீ என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்கிறார். அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அத்தை அரிவாள்மனையை விட்டு எழவில்லை. "பிள்ளைக்கு ஆகாதுத்தா. போன தடவை பட்டது போதாதா?"

"இவுகளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அத்தே?"

கத்தரிக்காயை இன்றைக்குப் போல் பொடிப்பொடியாக அவர் ஒரு நாளும் அரிந்ததில்லை.

25.2.99, வியாழன்

காலையில் அத்தை சந்தைக்குப் போய் வெறும் பையோடு திரும்பி வந்தார். காய் ஒன்றும் நன்றாக இல்லையாம். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சரி, கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் நான் சொல்லிக்கொடுக்கிற டைப்ரைட்டிங் வகுப்பில் பிள்ளைகள் அடித்த சத்தமெல்லாம் அங்கே கதவைத் தட்டுகிற சத்தமாகவே கேட்டது. சாயங்காலம் நேரே பூத்துக்குப் போனேன். லைன் உடனே கிடைத்தது.

"எடுத்துருங்க" என்றேன். "அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம்."

அந்தப் பக்கம் ஓர் இருமல். "சரி வல்லி, நீ சொன்னா சரி." செபஸ்தியான் சார் எதற்கோ வெளியே எழுந்து போய்விட்டார்.

எடுக்கச் சொல்லிவிட்டேன். நான் டாக்டரம்மா கட்சிதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஏதாவது ஆச்சுன்னா நான்தானே காரணம்? தாயா இருந்துக்கிட்டு நானே சொல்லிட்டேனே. புரளுதா? கையை வச்சுக்கிட்டே இருக்கேன். யாருகிட்டச் சொல்ல இதை?

26.2.99

புரள்கிறது. அத்தையும் காலையிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

12.3.99, வெள்ளி

வளைகாப்பு. எனக்குத் தாய்வீடு இல்லாததால் அந்தச் செலவும் அலைச்சலும் அத்தை தலையில். முழங்கை வரை வளையல். எழுதும்போதே கலகலக்கிறது, ரகசியமாக ஒரு வரி எழுத முடியவில்லை.

எதிர்வீட்டு மெய்யம்மை ஆச்சி, "புள்ளைத்தகப்பனுக்குத் தாடி எம்புட்டு வந்திருக்கு?" என்று கேட்டார். நான் வளையல்களை எண்ண ஆரம்பித்தேன். அத்தை தன் கழுத்துக்குக் கீழே கையை வைத்து, "இம்புட்டு" என்றார். அடுத்த வரிசைக்குச் சந்தனம் கொடுக்கும்போது அது நெஞ்சுவரை வந்துவிட்டது. பந்தி முடிவதற்குள் தாடி இடுப்பைத் தொட்டது.

பாவம், மகன்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

28.3.99, ஞாயிறு

அக்ரோமைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூட வீட்டாருக்குச் சொல்லவில்லை. அவர் மனைவி ரொட்டி கட்டிக்கொண்டு தினமும் வேலை நடக்கிற இடத்துக்கு வந்து, யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று விசாரிக்கிறாராம். இவரைப் பார்த்ததும் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாராம்.

"நல்லதுதான் செஞ்சேன்னு சொன்னாகளா, இல்ல நீ மட்டும் தப்பிச்சுட்டேன்னு சொன்னாகளான்னு தெரியல வல்லி. ராத்திரி எல்லாம் தூக்கம் இல்ல."

கேலி பண்ண ஒன்றும் தோன்றவில்லை. அக்ரோம் எனக்கென்று கொடுத்த பழத்தை இவர் தனியாகத் தின்றதற்காக இன்னும் நான் இவரை மன்னிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் சிரித்தார்.

14.4.99, புதன்

வருஷப் பிறப்பு. பிள்ளையார்பட்டியில் நிற்க இடமில்லை. என் வயிற்றைப் பார்த்து வழி விட்டார்கள். அந்த வழியிலேயே அத்தையும் மாமாவும் நுழைந்துவிட்டார்கள்.

அத்தை அர்ச்சனைக்குப் பெயர் சொன்னார். மகன் பெயர், நட்சத்திரம். என் பெயர், நட்சத்திரம். அப்புறம், "அக்ரோம்."

குருக்கள் தட்டோடு நின்றுவிட்டார். "என்ன பேரும்மா? நட்சத்திரம்?"

"நட்சத்திரம் தெரியாது சாமி. தச்சு வேலைக்காரரு, எங்க ஆளுக மாதிரி. உள்ள போட்டுட்டாக. வெளிய வரணும்."

"சுவாமி பேருக்கே பண்ணிடுறேன்" என்று உள்ளே போய்விட்டார். அத்தைக்குத் திருப்தி இல்லை. நட்சத்திரம் இல்லாத அர்ச்சனை போய்ச் சேருமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

25.4.99, ஞாயிறு

அத்தைக்கு முழங்கால் வலி. பூத்துக்கு நான் மட்டும் போனேன். பேசி முடித்ததும் செபஸ்தியான் சார் கதவைச் சாத்திவிட்டு, "இனிமே என்னால முடியாதும்மா" என்றார். பூத்தை மூடப்போகிறாராக்கும் என்று பயந்துவிட்டேன்.

"அன்னைக்குக் காலையில உங்க அத்தை வந்தாக. 'தாடியை எடுத்துருய்யா, வல்லிக்குத் தெரியக்கூடாது, மாசமா இருக்கிற புள்ள பயந்துரும்'னு மகன்கிட்டச் சொன்னாக. சாயங்காலம் நீ வந்து அதையே சொல்ற. நான் யாருகிட்டன்னு சொல்லுவேன்? ரெண்டு மாசமா சிரிப்பை அடக்கி அடக்கி வயித்து வலியே வந்துருச்சு."

சந்தை. வெறும் பை. இருமல். இடுப்பு வரைக்கும் அளந்தாரே, அது மகன்மேல் வைத்த நம்பிக்கையால் அல்ல, எனக்காக!

முதலில் கோபம் வந்தது. இந்த ரெண்டு மாசமாக நான் செத்துச் செத்துப் பிழைத்தேனே என்று. அப்புறம்தான் உறைத்தது, அத்தையும் அப்படித்தானே இருந்திருப்பார். அந்த நம்பிக்கையில் ஊறிப்போனவருக்கு என்னைவிடப் பயம் அதிகமாக இருந்திருக்கும். அப்படியும் போய்ச் சொல்லியிருக்கிறார். பாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. வழியிலேயே அழுதுகொண்டு வந்தேன், சந்தோஷமாகத்தான்.

நான் அத்தையிடம் சொல்லப்போவதில்லை. ஆசையாகப் பொய் சொல்கிறவரை ஏன் நிறுத்த வேண்டும்?

23.5.99, ஞாயிறு

நேற்றுத் தபாலில் போட்டோ வந்தது. புதுக் கதவு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இவர் நிற்கிறார். முகம் தேய்த்து வைத்த வெங்கலப் பாத்திரம் மாதிரி, ஒரு முடி இல்லை. இந்த மனுஷனுக்கு மறைக்கவும் தெரியாது.

ஒளிப்பதற்குள் அத்தை வாங்கிவிட்டார். இன்றைக்கும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவர். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தாடி நல்லா அடர்த்தியா வந்திருக்குத்தா."

"ஆமாத்தே. ஓரத்துலதான் கொஞ்சம் நரைச்சிருக்கு."

"அது பனி."

மாமா தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அத்தை மடியில் இருந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை.

13.6.99, ஞாயிறு, ஆஸ்பத்திரி

பெண் குழந்தை. வியாழக்கிழமை பிறந்தாள். இருவரும் சௌக்கியம். மூக்கு இவருடையது, குரல் அத்தையுடையது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிற போனுக்கு இவர் கூப்பிட்டார். என்னை எழுந்திருக்க விடவில்லை, அத்தைதான் பேசினார். வார்டு முழுக்கக் கேட்டது.

"மக வந்துட்டாய்யா! இனிமே நீ தாடியை எடுத்துக்கலாம். ஆமா, இன்னைக்கே எடுத்துரு. எடுத்துர்றியா? சரி."

பிறகு குரல் இறங்கியது. வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். திரும்பி வந்து குழந்தையை என்னிடமிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"எடுத்துர்றானாம்" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லதுத்தே." சற்றுப் பொறுத்து, "அக்ரோம்?" என்றேன்.

"இன்னும் விடலையாம்." குழந்தையின் கன்னத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அடுத்த சதுர்த்திக்கு நான் மறுபடியும் பிள்ளையார்பட்டி போறேன். அந்த மனுஷனுக்கு நட்சத்திரம் கேட்டா, இவளோடதையே சொல்லிக்கிறேன்."