கட்டுரையின் முதல் பெயர்

மச்சான்,

உன் களக்குறிப்பு நோட்டை உன் வீட்டில் திருப்பித் தர வேண்டும். பையில் வைக்குமுன் ஒருமுறை திறந்தேன். இன்னும் முந்திரிப்பழ வாடை அடிக்கிறது. காடாம்புலியூர்த் தோப்புகளில் மரம் மரமாக நீ பூச்சி எண்ணித் திரிந்த இரண்டு வருஷமும் தாள்களில் கறையாக ஒட்டியிருக்கிறது.

ஆய்விதழ்க்காரர்கள் மூல அளவீடுகளைக் கேட்டார்களென்று உன் வீட்டிலிருந்து இதை வாங்கி வந்த அன்று, கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். ஓர் எண்கூட என் கையெழுத்தில் இல்லை. ஆனால் கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது.

சிதம்பரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதை நீ தூக்கிக் கொடுத்தாய். "ஒனக்குத்தான்டா இண்டர்வியூ வருது. எனக்கு வேல கெடச்சிட்டுது, நான் ரெண்டாவதா இருந்துட்டுப் போறேன்." ஒரு பேச்சுக்காவது வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். நான் இன்னொரு டீ சொன்னேன்.

அந்த இதழ் நம்மை என்ன பாடு படுத்தியது! வடிவம் சரியில்லையென்று இரண்டு தடவை திருப்பியனுப்பினார்கள். வேறெங்காவது அனுப்பித் தொலைக்கலாம் என்று நான் கத்தினேன். நீதான் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு பூச்சிப் பெயர்களையெல்லாம் சாய்வெழுத்தாக்கினாய். அட்டவணையில் நான் இழுத்திருந்த கோடுகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். "இன்னாடா இது, ஜன்னலுக்குக் கம்பி வெச்ச மாதிரி! மேல ஒண்ணு, தலைப்புக்குக் கீழ ஒண்ணு, கடைசில ஒண்ணு. நெடுக்குக் கோடே கூடாது."

மூன்றாம் தடவை அனுப்பிய மாதமே உனக்கு மாரடைப்பு. பாவி, ஒரு போன்கூடப் பண்ணாமல் போய்விட்டாய்.

உன் பெயரை முதலில் போடச் சொல்லிக் கேட்டேன். வரிசையை மாற்றக் கட்டுரையாசிரியர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்பது இதழின் விதி. மூன்றாவது பெயரான நம் வழிகாட்டி மறுபேச்சில்லாமல் போட்டார். உனக்காக உன் மனைவி போடலாம் என்றார்கள். படிவத்தை எடுத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினேன்.

"அவுரு மனசாரக் குடுத்ததுதானேண்ணா? இப்ப ஏன் மாத்துறீங்க?" என்று கேட்டது தங்கச்சி.

"அவன் குடுத்தான். நான் வாங்கியிருக்கக் கூடாதும்மா."

"அப்ப ஒங்க இண்டர்வியூ?"

"பாத்துக்கலாம்."

தங்கச்சி பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டது. "கோடெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துடுங்கண்ணா, இல்லன்னா திட்டுவாரு" என்று சிரிக்கப் பார்த்து, முடியாமல் அழுதுவிட்டது. நானும்தான்.

இண்டர்வியூவில், முதல் பெயரில் கட்டுரை ஒன்றுமில்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வேலை கிடைக்கவில்லை. வலித்தது மச்சான், உன்னிடம் என்ன பொய்.

நேற்று கட்டுரை வெளிவந்துவிட்டது. உன் பெயரின் தோளில் சிறு சிலுவை மாதிரி ஒரு குறி, பக்கத்தின் அடியில் 'காலமானார்' என்று ஒரு வரி. அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டுதான் என்னால் படிக்க முடிந்தது.

நாம் மூன்று பேர் என்பதால், இனி இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் 'மற்றும் பிறர்' என்று போட்டுவிடுவார்கள். எந்த ஊரிலோ முகம் தெரியாத ஒருவர் உன் பெயரை எழுதுகிறபோதெல்லாம் அந்தப் 'பிறரில்' ஒருவனாக நான் உன்னோடு இருப்பேன்.