சொந்தக்காரர்களுக்குக் கை வைப்பதில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், நீயும் நலம்தானே என்று பேனா தானாகவே ஓடியது, எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். இருக்கிறேன் என்று எழுதுகிறேன், அது உண்மை. அண்ணன், அண்ணி, குழந்தை எல்லோரும் இருக்கிறார்கள். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தலையைச் சீவி, இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் நான் எதைக் கேட்டாலும் ம் என்கிறாய், நீ ம் என்றதும் எனக்கும் அடுத்த வார்த்தை வருவதில்லை, இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், பயப்படும்படி ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிக் கடிதத்தில் போனை எடுத்துக் கத்தாதே.

வீட்டில் பெரிய விசேஷம் எதுவும் இல்லை. அண்ணன் பையனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, இப்போது அவன்தான் அப்பாவின் நாற்காலியில் உட்காருகிறான், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம் குளியலறைச் சுவர் ஊறிப்போயிருக்கிறது, அப்பா இருந்தால் அன்றைக்கே ஏணியைத் தூக்கியிருப்பார், நான் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே தினமும் பல் துலக்குகிறேன். தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை நெருக்குகிறது, ஜிப் எல்லாம் தப்பான நிறத்தில் வந்து திருப்பி அனுப்பினோம். போன வாரம் உன் அத்தை வந்தாள், என்னைக் கட்டிக்கொண்டு அண்ணா அண்ணா என்று அழுதாள், நான் அவள் சட்டையில் தோள் தையல் பிரிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லு மாதிரி இருக்கியே அண்ணி என்றாள். கல் எல்லாம் இல்லை. எனக்கு எதுவும் எட்டவில்லை, அவ்வளவுதான். அப்பா போன நாளிலிருந்து இன்றுவரை நான் அழவில்லை, அது உனக்கும் தெரியும், நீ அதைக் கேட்காமல் இருப்பதற்கு உனக்கு ஒரு நன்றி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அறைத்தோழி எனக்குப் போன் செய்தாள். கோள் சொல்லிவிட்டாள் என்று அவள்மேல் பாயாதே, அந்தப் பெண் அழுதுகொண்டே பேசினாள், உனக்கு வாய்த்தவள் நல்லவள். வகுப்புக்குப் போகிறாயாம், எழுத்துப் பரீட்சைகூட எழுதினாயாம், ஆனால் நோயாளிகள் வருகிற அந்தப் பயிற்சி கிளினிக் பக்கம் மட்டும் அப்பா போனதிலிருந்து எட்டிப் பார்க்கவில்லையாம், வெள்ளைக் கோட்டு மடித்தது மடித்தபடி கிடக்கிறதாம். அடுத்த பருவம் தொடங்கும் நாளில் கிளினிக்கில் வந்து நிற்காவிட்டால் உன் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றாள். ஏன் போகவில்லை என்பதையும் சொன்னாள். போன லீவில் நீ அப்பாவின் முதுகைப் பார்த்தாய், தசைப் பிடிப்பு என்று சொன்னாய், பிறகு பார்த்தால் முதுகெலும்பில் புற்று. எங்கப்பா முதுகுல இருந்ததே இந்தக் கைக்குத் தெரியல, இனிமே யார் முதுகுலயும் இதை வைக்க மாட்டேன் என்றாயாம். அந்த கிளினிக்கில் நீங்கள் என்னதான் செய்வீர்கள் என்பதே எனக்குத் தெரியாதே. ஆஸ்டியோபதி என்ற பெயர் வாயில் நுழையாமல் உன் அத்தை இன்றைக்கும் சுளுக்கு எடுக்கிற படிப்பு என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறாள், அப்பா வேறு கையால தடவிப் பாக்கவா இத்தனை வருஷம் என்று உன்னைச் சீண்டுவார், நானும் சிரித்ததோடு சரி.

போன மாதத்திலிருந்து என் வலது கை மரத்துப்போகிறது. வெட்டு மேஜையில் நிற்கும்போது கத்தரி கையில் இருக்கிறதா இல்லையா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உன் அண்ணி டாக்டரிடம் போகச் சொன்னாள், எனக்கு வேறு யோசனை. நீ போன பிறகு இங்கேயும் உன் படிப்புக்கு ஒரு கல்லூரி வந்திருக்கிறது, அதன் கீழ்த்தளத்தில் மாணவர்கள் பார்க்கும் கிளினிக் இருக்கிறது என்று பலகையில் பார்த்திருந்தேன். போனேன். கை ஒரு சாக்கு, உன்னைப் பார்க்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள். நீண்ட கூடம், திரைச்சீலையால் தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் முகம் வைக்க ஓட்டை விட்ட கட்டில், அதன்மேல் உருளையிலிருந்து இழுத்துப் போட்ட காகிதம். பின்னால் முடிச்சுப் போடும் அங்கி ஒன்று கொடுத்தார்கள், நாடாவுக்கு ஒற்றைத் தையல்தான் போட்டிருந்தார்கள், இரண்டு துவைப்புக்குத் தாங்காது. எனக்கு வந்தவள் உன் வயதுப் பெண், மார்பில் மாணவி என்று அட்டை, கை சில்லென்று இருக்கும் என்று தானே தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள், ஒவ்வொரு முறையும் கை வைக்கலாமாம்மா என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். என்னைத் திருப்பி நிறுத்தித் தோள் இரண்டும் சமமா என்று பார்த்தாள், குனியச் சொன்னாள், கழுத்தைத் திருப்பச் சொன்னாள். கண்ணை மூடச் சொல்லி விரல்களில் பஞ்சால் தொட்டாள், தெரியும்போது சொல்லுங்க என்றாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், எப்போது ஆரம்பிப்பாள் என்று. கட்டைவிரல், அடுத்த விரல், நடுவிரல் எல்லாம் முடித்துவிட்டாள் என்பதே எனக்குத் தெரியாது. சுண்டு விரலில்தான் முதல்முதலாகத் தெரிந்தது.

அதற்கு முன்பே கேள்விகள் கேட்டிருந்தாள், அப்பாடா எத்தனை கேள்விகள். என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்பீர்கள், வீட்டில் யார் யார். அதில் ஒன்று, ராத்திரி இதனால முழிப்பு வருதாம்மா என்று. நான் இல்லம்மா, நல்லா தூங்குவேன் என்றேன். பச்சைப் பொய். தூக்கமாவது ஒன்றாவது, கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே என் ராத்திரி. ஆனால் அந்தப் பெண் முகத்தைப் பார்த்தேன், எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டுமே என்று அவளுக்கு அத்தனை ஆசை, அதைக் கெடுக்க மனசு வரவில்லை, பொய் வந்துவிட்டது. சொல்லி வாயை மூடுவதற்குள் அந்தப் பதிலை நான் முன்பே கேட்டிருக்கிறேன் என்று பட்டது. நம் முன்னறைக் கட்டிலில் அப்பா குப்புறப் படுத்திருக்கிறார், நீ முதுகில் கை வைத்துக்கொண்டு அப்பா, ராத்திரி வலியில முழிப்பு வருதா என்று கேட்கிறாய், நான் பக்கத்தில் துணி மடிக்கிறேன், அவர் படுத்தா கட்ட மாதிரிதான்மா என்கிறார். இதே கேள்வி, மகளே. ஒரு வார்த்தை மாறாமல் நீ கேட்டாய்.

அந்தப் பெண் உடனே வைத்தியம் செய்யவில்லை. மேடத்துகிட்ட சொல்லிட்டு வர்றேன் என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள், அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது. தையல் வேலை, சமீபத்தில் கணவர் இறந்திருக்கிறார், கழுத்து நரம்பு அழுந்துகிறது என்று நினைக்கிறேன் என்று என்னை நாலு வரியில் ஒப்பித்தாள். அங்கே ஒரு பெண் குரல், ராத்திரி எப்படி என்றது. முழிப்பு இல்லைன்னு சொன்னாங்க மேடம் என்றாள் இவள். இல்லைன்னாங்களா, சரி வா, நான் கேக்குறேன். உள்ளே வந்த அந்த ஆசிரியைக்குத் தடித்த கண்ணாடி, என்னைவிடக் கொஞ்சம் இளையவர். முழிப்பு வருதா என்று அவர் கேட்கவே இல்லை. எந்தப் பக்கமாப் படுப்பீங்க என்றார். நான் எங்க படுக்கிறேன், நாற்காலியில உக்காந்து கைய உதறிக்கிட்டிருப்பேன் என்று நான் பாட்டுக்குச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். மேடம் அவளைத் திட்டவில்லை, என் இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து விரல்கள் கீழே தொங்கும்படி அழுத்திப் பிடிக்கச் சொன்னார், கொஞ்ச நேரத்தில் விரல் முழுக்க எறும்பு ஊர்ந்தது. இப்ப சொல்லு, எங்க என்று மாணவியைக் கேட்டார். மணிக்கட்டு மேடம் என்றாள் அவள். கழுத்து இல்லை, மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதாம். அந்தப் பெண் என் முன்கையைப் பிடித்து மெல்ல நீவினாள், மேடம் அவள் கைமேல் தன் கையை வைத்து இவ்வளவு போதும், இன்னும் கீழ என்று காட்டினார். ராத்திரி கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள், குறையாவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இதுதான் என் கோழி எழுத்தின் கதை.

பட்டையைக் கட்டிவிடும்போது என் பொண்ணும் இதுதான் படிக்கிறா, லீவுக்கு வந்தா அவளையே பார்க்கச் சொல்றேன் என்று பேச்சுக்குச் சொன்னேன். ஐயோ வேண்டாம்மா, சொந்தக்காரங்களுக்கு நாங்க கை வைக்கக் கூடாது என்றாள் அந்தப் பெண். ஏன் என்றேன். சொந்தக்காரங்க நம்மகிட்ட உண்மைய சொல்ல மாட்டாங்க, நாமளும் கேக்க வேண்டியத கேக்க மாட்டோம் என்றார் மேடம். என் பொண்ணு கேட்டாளே என்றேன். எப்படிச் சொன்னேனோ, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கல்லூரியிலும் இந்த விதி இருக்கும், நீயும் மாட்டேன் என்றுதான் சொன்னாய், ஊர் பேர் தெரியாதவன் முதுகெல்லாம் பாப்ப, பெத்தவன் முதுகு ஆகாதா என்று அப்பாதான் சட்டையைக் கழற்றிப் போட்டுப் படுத்தார், அதையும் சொன்னேன். ராத்திரி தூங்க விடாத முதுகுவலின்னா வெறும் தசைப் பிடிப்பா இருக்காது, உடனே டாக்டர்கிட்ட அனுப்பணும், அதுக்குத்தான் அந்தக் கேள்வி என்றார் அவர். பிறகு மாணவியைக் காட்டி, இவகூட இன்னைக்கு உங்ககிட்ட சரியாத்தான் கேட்டா, நீங்க இல்லைன்னீங்க, இவளுக்குப் பின்னாடி நான் இருந்தேன், உங்க பொண்ணுக்குப் பின்னாடி யாரும் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். நான் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

இத்தோடு விட்டிருப்பேன், ஆனால் மறுநாள் அப்பா ஓட்டிய பஸ்ஸில் அவரோடு இருந்த கண்டக்டர் புதுப் பேண்டைக் கால் குறைக்கக் கொண்டுவந்தார். அப்பாவுக்கு முதுகு வலி எப்போதிலிருந்து என்று நேராகவே கேட்டேன். விடியற்கால வண்டி எடுப்பதால் உன் தூக்கம் எதுக்குக் கெடணும் என்று என்னிடம் சொல்லிவிட்டு முன்னறையில் படுத்துக்கொண்டவர், ராத்திரியில் என்ன பாடுபட்டார் என்று எனக்கு எங்கே தெரியும். கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். ரொம்ப நாளாவே அண்ணி, டிப்போவுல எல்லாரும் பெஞ்சுல உக்காந்திருப்போம், அண்ணன் மட்டும் தூணைப் புடிச்சிக்கிட்டு நின்னுதான் டீ குடிப்பாரு, ராத்திரி முழுக்கத் தூங்கலடா, வீட்ல சொல்லிராத, பொண்ணுக்குப் பரீட்சைன்னாரு என்றார். கேட்டுக்கொண்டே மடிப்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன், கட்டைவிரலில் ஏறியது தெரியவில்லை, துணியில் சிவப்பாகப் பட்ட பிறகுதான் பார்த்தேன். உன் அப்பா மேல் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதத்தில் எனக்கு முதலில் வந்தது அதுதான், அழுகை இல்லை, கோபம். அந்த மனுஷன் பொய் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார், நீ அங்கே உன் கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறாய்.

ஆகவே பருவம் தொடங்கும் நாளில் கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போ. உனக்காகப் போ என்று சொன்னால் கேட்க மாட்டாய். என்னை மாதிரி ஒருத்தி அங்கே அங்கியை மாட்டிக்கொண்டு, நல்லா தூங்குவேன் என்ற பொய்யை வாயில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள், அவளிடம் கேள். அவள் இல்லை என்றால் உன் மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்து மறுபடி கேள். நானும் வருகிற செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணிடம் போகிறேன், இந்த முறை உள்ளதைச் சொல்வேன். தினம் ஏதாவது சூடாகச் சாப்பிடு, அறைத்தோழியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, போய் வந்த அன்றைக்கு எனக்குப் போன் செய், ம் மட்டும் சொன்னாலும் போதும். நீ நன்றாக இருக்க வேண்டும், தொட்டது துலங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கையில் பட்டையோடு,
உன் அம்மா

மறந்துவிட்டேன். கண்டக்டர் பேண்டை வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் திரும்பி வந்தார். ஒன்னு சொல்லணும் அண்ணி, பாப்பா லீவுக்கு வந்து முதுகு புடிச்சுவிட்டுச்சே, அதுக்கு மறுநாள் காலையில அண்ணன் பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சாரு, அன்னைக்கு ஒரு நாள்தான் என்றார்.