அம்பிலைக்கல் என்று சொன்னவளுக்கு

என் செல்லக் கலா,

கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மருத்துவ வகுப்புக்காரர் எல்லாரும் இங்கே கூடி உனக்கு நினைவுக்கூட்டம் வைக்கிறார்கள். தொலைபேசியில் பேசிய ஒவ்வொருவரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "கலா சரியான அமைதியான பிள்ளை எல்லோ."

அமைதியா? நல்லூரில் நாங்கள் இருவரும் இருந்த அறையைக் கேட்க வேண்டும். போரால் மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றினால்தான் டைனமோவில் வானொலி பாடும். நான் அலுத்துப்போய் நிறுத்தினாலும் உன் கதை நிற்காது. உங்கள் ஊர் சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டத்துச் செய்தியிலிருந்து அன்றைய பாடம் வரை எல்லாம் வரும். உன் அம்மா என்னையும் தன் பிள்ளையாக்கி "மூத்தவள்" என்பார். உன்னை "றேடியோ" என்பார்.

நீ பள்ளியில் ஒட்சிசன், ஐதரசன் என்று தமிழில் படித்து வந்தவள். ஆங்கிலச் சொற்களைக் கண்ணால் மட்டுமே அறிந்தவள். எங்கள் வீட்டில் அப்பா ஆங்கிலம் பேசுவார். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. உச்சரிப்பில் விரிவுரையாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பது வேறு விஷயம். இரத்த மயிர்க்குழாய் லண்டனில் படித்தவருக்கு 'கபிலரி', அமெரிக்காவில் படித்தவருக்கு 'கப்பிலெறி'. பரீட்சைக்கு யார் வருகிறார் என்று பார்த்து நாக்கை மாற்றிக்கொண்டு திரிந்தோமே, நினைவிருக்கிறதா?

ஒருநாள் ஆஸ்பத்திரி வாட்டில், தொப்புள் பிதுங்கிய குழந்தையைக் காட்டி இது என்ன என்று பெரிய டொக்டர் கேட்டார். மற்றவர்கள் யோசிப்பதற்குள் நீ சொன்னாய்: "அம்பிலைக்கல் ஹேர்னியா, சேர்." எங்கள் காதுக்குப் பழகியது 'அம்பிலிக்கல்'. முதலில் சிரித்தது நான்தான். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் சிரித்தார்கள்.

அதன் பிறகு வாட்டில் நீ வாய் திறக்கவில்லை. விடையைக் கடதாசித் துண்டில் எழுதி என் கையில் திணிப்பாய். நான் அதைப் பார்த்துச் சொல்லுவேன். "வெரி குட்" எனக்குக் கிடைக்கும். ஒரு நாளாவது, "இது கலாவின் விடை, சேர்" என்று சொன்னேனா?

கடைசி வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் உன்னை நெடுநேரம் உள்ளே வைத்திருந்தார். நான் கதவடியிலேயே காத்து நின்றேன். நீ வந்தாய், முகமெல்லாம் பல்.

"அந்த மனுசனும் அம்பிலைக்கல் எண்டுதான் சொன்னவர். ராஜி, இப்ப சிரி பாப்பம்!"

"வாயை மூடடி, ஆக்கள் பாக்கினம்," என்றேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது.

பிறகு நீ கொடிகாமத்தில் டொக்டராக இருந்தபோது, சந்தைக்கு வந்த சனம் மருந்துக்கு மட்டுமல்ல, உன் கதைக்காகவும் வரிசையில் நின்றதாம். நான் வெளிநாடு வந்துவிட்டேன். இங்கே என் உச்சரிப்பைக் கேட்டு இளம் தாதியர் சிரிப்பை அடக்குகிறார்கள். உனக்கு எவ்வளவு சுட்டிருக்கும் என்று இவ்வளவு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது, கலா.

ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நிற்பேன். கலா அமைதியானவள் இல்லை, அவளை அமைதியாக்கியவள் நான் என்று சொல்லுவேன். எனக்குக் கிடைத்த "வெரி குட்" எல்லாம் உன்னுடையவை என்றும் சொல்லுவேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இந்த முறை துண்டு நீட்ட நீ இல்லை. நானாகத்தான் சொல்ல வேண்டும்.

உன் மூத்தவள்,
ராஜி