யான்ட்ரிக்குத் தட்டு எங்கே வைப்பது

சான் ஹசிந்தோ கரை
நவம்பர் 4

அன்பு மகள் நர்சீசாவுக்கு அம்மா எழுதுவது. கல்லறைத் திருநாளன்று நம் வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, அண்ணி லிஸ்பெத், அவள் இடுப்பில் குழந்தை வலெஸ்கா, ஆத்துமாக்களின் பெயர் சொல்லிச் செபிக்க வந்த எர்மெலிந்தா அக்கா. இவ்வளவு பேர்தான், வேறு யாரும் இல்லை. மாதாவின் தயவில் எங்கள் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. நீ ஜெனோவாவில் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. போன் கடைக்குப் போனால் நீயும் அழுது நானும் அழுது காசு தீர்ந்துபோகிறது, சொல்ல வந்தது சொல்லாமலே நிற்கிறது, அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

அண்ணன் யான்ட்ரியைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. மார்ச்சில் சூரை மீனுக்குப் போன படகின் ஒரு துண்டுகூட எங்கும் கரை ஒதுங்கவில்லை. கொள்ளைக்காரர்கள் இன்ஜினைப் பிடுங்கிக்கொண்டு நடுக்கடலில் விட்டிருப்பார்கள் என்று ஒருவர் சொல்கிறார், வேறு நாட்டுக் காவல்படகு பிடித்துக்கொண்டு போயிருக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார், மற்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. கோயிலில் போன வாரம் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போ கறுப்பு உடுத்தப்போறீங்க என்று கேட்டாள், நல்ல மனசோடுதான் கேட்டாள், நான் பூசை முடியும்வரை ஒரு செபமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

இந்த நிலையில்தான் ஆத்துமாக்களுக்கு மேசை போடும் நாள் வந்தது. வழக்கம்போல உள் அறையில் வெள்ளைத் துணி விரித்து உன் தாத்தாவுக்கும் செத்துப்போன என் தங்கைக்கும் பிடித்ததெல்லாம் வைத்தேன், ரொட்டிப் பொம்மை சுட்டேன், கரும்பழக் கஞ்சி காய்ச்சினேன். வாங்குவதை அளந்து வாங்குகிறவள் என்று உனக்குத் தெரியும், ஆனால் விடிகாலையில் உன் அப்பா என்னைக் கேட்காமலே கரைக்குப் போய் ஒரு முழுச் சூரையை வாங்கிக்கொண்டு வந்து அடுப்படியில் போட்டார். வெங்காயமும் மரவள்ளியும் போட்டுக் குழம்பு வை, அவனுக்கும் ஒரு தட்டு வைக்கணும் என்றார். யாருக்கு என்று கேட்டேன். யாருக்குன்னு உனக்குத் தெரியாதா, ஊர்ல எல்லா வீட்டு ஆத்துமாவும் இன்னைக்குச் சாப்பிடும், நம்ம புள்ள மட்டும் பட்டினியா அடுத்தவன் வாசல்ல நிக்கணுமா என்றார். உயிரோட இருக்கிறவன் பேருக்கு அந்த மேசையில தட்டு வெச்சா வர்ற வழியை நாமளே அடைச்ச மாதிரி, நான் வைக்க மாட்டேன் என்றேன். நீ வைக்கலைன்னா நான் வைக்கிறேன் என்றார். உப்பு எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு என்று நானும் சொல்லிவிட்டேன், அந்த நேரத்தில் அப்படி ஒரு வாய் எனக்கு.

எர்மெலிந்தா அக்கா செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, பேரைச் சொல்லவா வேணாமா, இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும்டி எனக்கு என்று வாசலிலிருந்து கத்துகிறாள். அப்போது லிஸ்பெத், இத்தனை மாதமாக வாய் திறக்காதவள், குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு வந்தாள். அத்தே, மாமா, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க, கறுப்பு உடுத்தவும் விடமாட்டேங்கிறீங்க, சிவப்பு உடுத்தினா ஊரு பேசுது, நான் யாருக்குப் பொண்டாட்டி, கடல்ல இருக்கிறவனுக்கா மண்ணுல இல்லாதவனுக்கா என்று கேட்டாள். நர்சீசா, நான் கத்தியை எடுத்து மீனை அறுக்க ஆரம்பித்தேன்.

குழம்பு நான்தான் வைத்தேன். உள் அறைக்குக் கொண்டுபோகவில்லை. அடுப்படி மேசையில் அவன் சுவரோரமாக உட்காருவானே, அந்த இடத்தில் தட்டில் ஊற்றி, வறுத்த வாழைக்காயைப் பக்கத்தில் வைத்து மூடினேன். இது செத்தவங்க தட்டு இல்ல, வேலைக்குப் போனவன் தட்டு என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். அக்கா தாத்தா பெயரையும் சித்தி பெயரையும் மட்டும் சொல்லிச் செபித்துவிட்டுப் போனாள். ஆத்துமாக்கள் வந்து சாப்பிடட்டும் என்று உள் அறைக் கதவைச் சாத்தினோம், வழக்கப்படி யாரும் சத்தம் போடவில்லை. மத்தியானம் உன் அப்பா எழுந்து வந்து அந்த மூடியைத் திறந்தார். அடிக்கப்போகிறாரோ கொட்டப்போகிறாரோ என்று பயந்தேன். ஆறிப்போகுது, அவன் வந்தா புதுசா வெச்சுக்கலாம் என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். பாதியை லிஸ்பெத் பக்கம் தள்ளினார், அவளும் சாப்பிட்டாள். மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுகச் சாப்பிட்டார்கள். ஆத்துமாவின் தட்டை வேளை வருமுன் யாரும் தொடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அவர் தொட்டாரே, எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

ஆனால் உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும், அப்பாவுக்குத் தெரியாது. காலையில் கதவைச் சாத்தும் முன் கடைசியாக வெளியே வந்தவள் நான். மேசை ஓரத்தில், துணி மடிப்புக்குப் பக்கத்தில், ஒரு துண்டு ரொட்டி வைத்தேன். பெயர் சொல்லவில்லை. அவ்வளவு சண்டை போட்டவள்தான் வைத்தேன். ஒருவேளை அவன் பசியோடு வந்துவிட்டால் என்ன செய்வது. எல்லாரும் என்னை நம்பிக்கை உள்ளவள் என்கிறார்கள், அது எனக்கு நாள் முழுக்க இருப்பதில்லை மகளே. காலையில் இருந்தால் மாலையில் இல்லை. இல்லாத நேரத்திலும் அவன் சட்டைகளைத் துவைத்து வெயிலில் போடுகிறேன், உப்புக் காற்றில் பூஞ்சை பிடித்துவிடும், வேறு ஒன்றும் என் கையில் இல்லை.

இப்போது ஒரு சேதி. பக்கத்துக் கரையில் காணாமல்போன ஒருவன் போன வாரம் வீடு திரும்பியிருக்கிறான், வேறு நாட்டுச் சிறையில் இருந்தானாம். நம் பக்கத்து ஆட்கள் இன்னும் சிலர் அங்கே இருக்கிறார்கள், பெயர் தெரியாது என்கிறான். அண்ணன் படத்தை அவனிடம் காட்டினோம், இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்றான். அது கல்யாணப் படம், அதில் அண்ணன் பாதி முகம் லிஸ்பெத்தின் முக்காட்டுக்குப் பின்னால் போய்விட்டது. காணாமல்போனவர்களின் வீட்டுப் பெண்கள் சேர்ந்து கிறிஸ்துமஸுக்கு முன் மலைமேல் தலைநகர் கித்தோவுக்குப் போய் அரசாங்கத்தில் மனுக் கொடுக்கிறார்கள், லிஸ்பெத்தும் போகிறாள். நானும் வர்றேன், பொம்பளைங்க மட்டும் அந்தக் குளிர்ல எப்படிப் போவீங்க என்று உன் அப்பா சொல்கிறார், அவருக்குத்தான் மலை ஏறினால் மூச்சு முட்டும்.

நீ வேலை பார்க்கும் வீட்டில் படுக்கையாய்க் கிடக்கும் அந்தக் கிழவியைத் தனியாகத் தூக்காதே, இடுப்பு போய்விடும். ஞாயிறு பூசையை விடாதே. எங்களுக்காக வயிற்றைக் கட்டிப் பணம் அனுப்பாதே, இங்கே சமாளிக்கிறோம். கடல் மாதா உன்னை அவள் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம்.

நீ புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் அண்ணனோடு எடுத்த படம் உன்னிடம்தான் இருக்கிறது, அதில் அவன் முகம் முழுசாகத் தெரியும். அதை அனுப்பு. அவன் இருக்கிறான் என்று உனக்குத் தோன்றாவிட்டாலும் அனுப்பு. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா
டொமித்தீலா