ஒரு மட்ச் பார்க்கச் சொன்ன சாவு

1991 மே 24, வெள்ளி

ஓவலில் சரேக்கும் கென்ட்டுக்கும் கிரிக்கெட் மட்ச், இன்று கடைசி நாள். எனக்கு லீவு. ஆனால் கிழக்கு லண்டன் பார்க்கிங்கில், மச்சாளின் மகள் பெரியபிள்ளையானதற்கு ஞாயிறு நடக்கிற சாமத்தியச் சடங்குக்குப் பலகாரம் சுட, கதிரை தூக்க நான் வருவேன் என்று என் மனைவி கலாவதி ஏற்கனவே வாக்குக் கொடுத்துவிட்டாள். தப்ப ஒரு வழிதான் இருந்தது.

"யோகராஜாவின்ரை அம்மா ஊரில மோசம் போயிட்டாவாம். மோர்டனுக்குப் போறன்."

சாவீட்டுக்குப் போனவனை நல்ல காரியத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? மோர்டனில் இருக்கிற யோகன் என்னோடு ஊரில் ஒன்றாகப் படித்தவன். வாய் கூசவில்லையே எனக்கு.

நல்ல வெயில். பாதிப்பேர் பென்ஷன்காரர், மடியில் சான்ட்விச். தேநீருக்குப் பிறகு கென்ட்டின் விக்கெற்றுகள் மளமளவென்று விழுந்தன. கடைசி ஆள் மட்டையை விளக்குமாறு மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தார். பந்து பிடிக்கிறவர்கள் சுற்றிவரக் குந்தியிருந்து அமத்தியும் மனிதர் அசையவில்லை, கடைசி ஓவர் வரை நின்றார்! மட்ச் டிரோ. எழும்பி நின்று கைதட்டினேன்.

வீட்டு வாசலிலேயே கலாவதி மறித்தாள். "ஒண்டிலும் முட்டாமல் நேரே போய் முழுகுங்கோ."

முழுகினேன். வெயிலில் முகம் சிவந்திருந்தது. "பாவம், நல்லா அழுதிருக்கிறியள்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மே 25

ஷிப்ட் முடிந்து வந்தால் கலாவதி இல்லை. சாவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று சோறும் மரக்கறியும் சமைத்து, பெரிய சிவப்பு டப்பாவில் போட்டுக்கொண்டு மோர்டனுக்குப் போய்விட்டாளாம். சாவீட்டுக்குப் போனால் சடங்குக்குப் போகேலாது, மச்சாள் முகம் முறித்தாலும் பரவாயில்லையாம். அவளுடைய தங்கை போனில் சொன்னாள். ஐயோ, இது எனக்கு ஏன் தோன்றவில்லை? துக்கம் விசாரிக்காமல் விடுகிற சனமா நாங்கள்?

ஓடினேன். யோகன் நிலத்தில் இருந்துகொண்டு தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தான். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. எப்படி வரும்? சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லை. மாசியில் வந்த கடிதம்தான் கடைசி. சாவுச் செய்தி இப்படி வேறு யாராவது வாயால்தான் வருகிறது.

என் கையைப் பிடித்தான். "எப்பவாம், தில்லை? ஆர் கொள்ளி வைச்சது?"

சொன்னேன். ஓவல், மட்ச், எல்லாம். கலாவதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யோகன் சிரித்தான். "அப்ப அம்மா இருக்கிறா?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓம் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? அவனுக்கும் தெரியாதே. அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"வெளியில போ" என்றான்.

ஜூன் 2

கலாவதி சோறு போடுறாள். கதைக்கிறாள் இல்லை.

ஜூன் 30

டூட்டிங் தமிழ்க் கடைகளில் ஊரிலிருந்து புதிதாக வந்தவர் யாரைக் கண்டாலும் கேட்கிறேன்: "கரவெட்டியோ? தவமலர் ரீச்சரைத் தெரியுமோ?" அதுதான் யோகனின் அம்மா. ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்கோர் பார்ப்பதை விட்டுவிட்டேன் — அதனால் யாருக்கு என்ன லாபம்? அந்த மனிசிக்கு உண்மையாவே ஏதும் — என்ரை வாயாலதானே — வேண்டாம், எழுதமாட்டன்.

செப்டம்பர் 7, சனி

மீன் கடையில் அருள்நேசன் என்று ஒருவர். போன கிழமைதான் லண்டன் வந்தவராம்.

"தவமலர் ரீச்சரோ? ஊரை விட்டு வெளிக்கிட முதல் நாள் சங்கக்கடையில குடையை நீட்டி, ஒழுங்கா லைனில நில் எண்டு என்னைப் பேசினவ!"

மீனையும் வாங்காமல் அவரைக் காரில் ஏற்றினேன். வீட்டில் நிறுத்திச் சொன்னதும் கலாவதியும் வந்து பின் சீட்டில் ஏறினாள்.

மோர்டனில் யோகன் கதவைத் திறந்தான். நான் வாயைத் திறக்கவே கை காட்டி நிறுத்தினான். "நீ சொல்லி ஒருக்கா அழுதாச்சு. இனி நீ சொல்லாதை."

அவர்களை உள்ளே விட்டுவிட்டுக் காருக்குத் திரும்பினேன். உள்ளே யோகன் பெரிதாகச் சிரிப்பது தெருவரை கேட்டது. பிறகு அழுவதும் கேட்டது.

கொஞ்சம் பொறுத்து யோகன் வந்து கார்க் கண்ணாடியில் தட்டினான். கையில் அந்தச் சிவப்பு டப்பா, வெறுமையாகத் தரக்கூடாது என்று உள்ளே சீனி. என் மடியில் வைத்தான். ஆனால் போகவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்டைக்கு மட்சில ஆர் வெண்டது?"

"ஒருத்தரும் வெல்லேல்லை, யோகன்."