பெட்டிக்குள் தொப்பி, வெயிலில் தலை

அனுப்புநர்:
மு. இ. ஆதம்பாவா,
தேங்காய் வியாபாரி,
(உபதலைவர், இளஞ்சிட்டு முன்பள்ளிப் பெற்றோர் சங்கம்),
சந்தை வீதி, மூதூர்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
கொட்டியாரக் கரையோர மழலையர் நலன் பணியகம்,
திருகோணமலை.

விடயம்: "வெயிலிலிருந்து மழலைகளைக் காப்போம்" விழிப்புணர்வு நாளில் மழலைகள் வெயிலில் நிறுத்தப்பட்டமையும், அதே நிகழ்ச்சி இம்மாதம் 27ஆம் திகதி மீண்டும் நடைபெறவிருப்பதும்.

கனம் ஐயா,

1. முதலில் என் வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடந்த ஒரு மாதமாக மூதூரிலிருந்து தோப்பூர் வரை கைத்தொலைபேசிகளில் ஓடித்திரியும் வீடியோவைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் துணி போர்த்திய கதிரையில் ஒரு தடித்த மனிதர் வாயைத் திறந்தபடி உறங்குகிறார். மேசை விசிறி அவருடைய தாடியை இடமும் வலமுமாக வாரிவிடுகிறது. ஈ ஒன்று உதட்டில் வந்திருந்து, உள்ளே எட்டிப்பார்த்து, யோசித்துவிட்டுப் பறந்துபோகிறது. அந்த மனிதர் நானே. அந்தக் கதிரை தங்களுக்காகப் போடப்பட்டது. ஈயைப் பற்றி எனக்கு மேலதிக விபரம் தெரியாது.

2. இந்த வீடியோவை எடுத்தவர் யாரென்று நான் தீவிரமாக விசாரித்தேன். எடுத்தவர் என் மனைவி றிஷானா என்று தெரியவந்ததும் விசாரணை கைவிடப்பட்டது. அவருடைய வாக்குமூலம் வருமாறு: "நான் புள்ளைகளத்தான் எடுத்தனான். நீங்க குறுக்க கிடந்தீங்க."

3. ஐயா, அந்த வாக்குமூலம்தான் இந்த மனுவின் அடிப்படை. என் கடைக்கு வருகிறவர்கள் இப்போது தேங்காயைத் தட்டிப்பார்க்க முன்னர் என் வாயைப் பார்க்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் வாயைப் பார்த்த ஒருவராவது எனக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கவில்லை. தயவுசெய்து வீடியோவை மறுபடி ஓடவிட்டு, விசிறிக்கும் என் இடது காதுக்கும் நடுவே தெரியும் மைதானத்தைப் பாருங்கள். அங்கே வரிசையாகத் தெரிவதை வேலிக்கட்டை என்று நினைத்துவிட வேண்டாம். அவை எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகளின் தலைகள்.

4. நடந்ததைச் சொல்கிறேன். நான் உறக்கத்திலிருந்த பகுதியை ஆசிரியை சிவரூபி ஒரு தடவையும் என் மனைவி பல தடவையும் சொல்லி அறிந்தேன்.

கடந்த மாதம் 16ஆம் திகதி, பச்சிளம் பிள்ளைகளை வெயில் என்ன பாடுபடுத்தும் என்று எங்களுக்கு விளக்குவதற்காகத் தங்கள் பணியகம் இந்நாளை ஏற்பாடு செய்தது. அழைப்பிதழில் காலை ஒன்பது மணி என்றிருந்தது. எங்கள் பெற்றோர் சங்கத் தலைவர் றஊப் ஹாஜியார் எட்டரைக்கே பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார். "சேர் வரக்குள்ள வரிசை வளைஞ்சிருந்தா நமக்குத்தான் மரியாதக் குறைவு" என்பது அவருடைய நிலைப்பாடு. மைதானத்தில் கூடாரம் ஒன்றே ஒன்று. அதற்குள் பிரதம அதிதி, கௌரவ அதிதிகள், சங்க நிர்வாகிகள், பூச்சாடிகள், ஒலிபெருக்கிக்காரர் ஆகியோருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பூச்சாடிகள் வாடிவிடும் என்பதால் அவற்றுக்கு முன்வரிசை. நான் உபதலைவர் என்ற முறையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் இருந்தேன். அதிகாலையில் லொறியில் தேங்காய் ஏற்றிய களைப்பில், தங்கள் கதிரை சும்மாதானே கிடக்கிறது என்று மாறி அமர்ந்ததும் உறங்கிப்போனதும் அதன் பின்னர்.

5. ஒன்பது மணியானது. பத்து மணியானது. பிரதம அதிதி வரவில்லை. இதில் யாரையும் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. முன்னொரு காலத்தில் டவுணிலிருந்து வருகிறவர்கள் சுணங்கினால் கிண்ணியாத் துறையில் படகுப் பாதையைக் குற்றம் சொல்லலாம். பாலம் வந்து அந்த வசதியும் இல்லாமற்போய்விட்டது.

6. இனித்தான் ஐயா, இம்மனுவின் முக்கியமான பகுதி. தங்கள் பணியகம் பிள்ளைகளுக்கென்று அகன்ற விளிம்பு வைத்த துணித் தொப்பிகளை முதல் நாளே அனுப்பியிருந்தது. நல்ல தொப்பிகள். காதும் பிடரியும் மறையும். அவை பெட்டியோடு மேடை மேசையில், சிவப்பு நாடா கட்டி, கூடாரத்தின் நிழலில் பத்திரமாக இருந்தன. தொப்பிகளில் ஒன்றுக்கும் வெயில் படவில்லை என்று உறுதியளிக்கிறேன்.

பிள்ளைகள் கண்ணைத் திறக்க ஏலாமல் நிற்பதைக் கண்டு ஆசிரியை சிவரூபி பெட்டியை உடைக்கக் கேட்டிருக்கிறார். ஹாஜியார் பதறிவிட்டார்.

"என்ன டீச்சர் கதைக்கிறீங்க? சேர் வந்து கையால குடுக்கணும், படம் எடுக்கணும். இப்பவே குடுத்துட்டா சேர் எதக் குடுக்கிற?"

"ஹாஜியார், பிள்ளையளுக்கு ஏலாது. தலை கொதிக்குது."

"காலை வெயில்ல விட்டமின் இருக்கு டீச்சர். புள்ளைகளுக்கு நல்லம்."

இதைச் சொல்லும்போது ஹாஜியார் கூடாரத்துக்குள் நின்றார். விட்டமின் அவ்வளவு நல்லதாக இருந்தால் அறுபது வயதுக்காரருக்கு அது அவசரமாகத் தேவைப்படும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். எதையும் பெரியவர் ஒருவரின் கையால் வாங்கினால்தான் அது கொடுத்ததாகும் என்ற வழக்கம் எங்கள் ஊரில் ஆழ வேரோடியது. தண்ணீர்க் குழாய் போட்டாலும் திறந்துவைக்க ஆள் வரும்வரை தாகத்தோடு காத்திருப்போம். அன்று அந்த வழக்கத்தை நான்கு வயதுப் பிள்ளைகளின் உச்சந்தலையில் வைத்துக் காத்தோம். ஆசிரியை தன் சாரித் தலைப்பை விரித்துப் பிடித்தார். அதற்குள் இரண்டு பிள்ளைகள்தான் அடங்கினார்கள்.

7. என் கடைக்குட்டி அப்ராவுக்கு நான்கு வயது. எனக்கு ஐம்பத்து நான்கு. (முன்பள்ளியில் சேர்க்கப் போனபோது, "மூத்தாப்பாவா வந்திருக்கிறீங்க?" என்று விசாரித்தார்கள். அது வேறொரு மனுவுக்கான விடயம்.) அன்றைய அபிநயப் பாடலில் அவளுக்குச் சூரியன் வேடம். மினுங்கும் மஞ்சள் தாளை மட்டையில் ஒட்டி, கழுத்தைச் சுற்றிக் கதிர் கதிராக மாட்டி, முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தாள் வெயிலை வாங்கி அவள் முகத்துக்கே திருப்பி அடித்திருக்கிறது. பதினொரு மணிக்குச் சற்று முன்னர் சூரியன் மயங்கி விழுந்தது.

விசிறி என் முகத்திலிருந்து திருப்பப்பட்டபோதுதான் நான் கண்விழித்தேன். பிள்ளையை என் மடியில் கிடத்தியிருந்தார்கள். வெயிலில் கிடந்த தகரத்தைத் தூக்கியது போலிருந்தது. கழுத்தில் அந்த மட்டை இன்னும் இருந்தது. அது எந்தப் பக்கம் கழலும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். றிஷானாதான் கிழித்தெறிந்தார். "வாய மூடிட்டு ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றார். அதற்கு முன் நான் எதுவும் பேசியிருக்கவில்லை. வாய் அதுவரை திறந்தே இருந்திருக்கிறது.

8. இதனால் தங்கள் உரையை நேரில் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிட்டவில்லை. எனினும் ஒலிபெருக்கிக்காரர் தன் கடமையில் குறை வைக்கவில்லை. வைத்தியசாலை விடுதிவரை தங்கள் குரல் தெளிவாகக் கேட்டது. "காலை பத்து மணி தொடக்கம் மாலை நான்கு மணி வரை பிள்ளைகளை நேரடி வெயிலில் நிறுத்தவே கூடாது, பெற்றோரே" என்று தாங்கள் கேட்டுக்கொண்ட வேளையில் மணி பதினொன்றரை. அப்ராவுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தலையாட்டி, "நல்லாப் பேசுறார்" என்றார். நானும் ஓம் என்றேன்.

தாங்கள் வாகனத்திலிருந்து கூடாரத்துக்கு வந்த பத்தடித் தூரத்துக்கும் ஒருவர் குடை பிடித்து வந்தார் என்று அறிந்தேன். தங்கள் அறிவுரையைத் தாங்களே கடைப்பிடிப்பது கண்டு மகிழ்ந்தேன். சூரியன் இல்லாமலே சூரியப் பாடல் பாடப்பட்டதாம். அதனால் வெயில் குறைந்ததாகத் தகவல் இல்லை.

பின்னர் நாடா வெட்டப்பட்டுத் தங்கள் பொற்கரத்தால் தொப்பிகள் வழங்கப்பட்டன. உடனே படப்பிடிப்பாளர், தொப்பி விளிம்பின் நிழலில் பிள்ளைகளின் முகம் விழவில்லை என்று அவற்றைக் கழற்றச் சொன்னார். கையில் தொப்பியும் தலையில் வெயிலுமாகப் பிள்ளைகள் புன்னகைக்கும் அந்தப் படம் தங்கள் பணியகத்தின் முகநூல் பக்கத்தில் இருக்கிறது. நானும் பழக்கதோஷத்தில் ஒரு விருப்பக்குறி இட்டுவிட்டேன். அதை மீளப்பெற்றுக்கொள்கிறேன்.

9. அப்ரா அடுத்த நாள் வீடு திரும்பினாள். பிடரியிலும் காதுமடலிலும் தோல் கொப்பளித்து உரிந்தது. ஒரு கிழமை குப்புறப் படுத்துத்தான் உறங்கினாள். சிறு பிள்ளைகளின் தோல் பெரியவர்களுடையதைப் போலத் தாங்காது என்றும், இன்னொரு தடவை இப்படி நடக்க விடவேண்டாம் என்றும் வைத்தியர் சொன்னார். அவர் அதை என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு நேரே பின்னால் தாங்கள் நிற்பதாகக் கற்பனை செய்துகொண்டு சமாளித்தேன்.

இப்படியிருக்கையில், முதலாம் கட்டத்தின் மகத்தான வெற்றியைத் தொடர்ந்து இரண்டாம் கட்டம் வரும் 27ஆம் திகதி அதே மைதானத்தில், தோப்பூர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, காலை ஒன்பதரைக்கு நடைபெறும் என்று அழைப்பிதழ் வந்திருக்கிறது. அபிநயப் பாடலும் உண்டு. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அப்ரா வெளிவாசல் திறந்தால் அலுமாரிக்குப் பின்னால் போய் நிற்கிறாள். முந்தநாள் என்னிடம் வந்து, மிகவும் மரியாதையாக, "வாப்பா, இந்தமுற நான் மேகமா நிக்கட்டா?" என்று கேட்டாள்.

ஐயா, இந்தக் கேள்வி தங்கள் பணியகத்துக்கு உரியது. ஆகவே தங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

10. தாங்கள் மனம்வைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியங்களையே கேட்கிறேன்:

(அ) நிகழ்ச்சியைக் காலை ஏழரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிக்க வேண்டும். பிரதம அதிதி வந்து சேராவிட்டால் அவர் இல்லாமலே தொடங்க வேண்டும். வந்தபின் அவருக்குத் தனியாகக் கைதட்டிக்கொள்ளலாம்.

(ஆ) தொப்பியைப் பிள்ளை வாசலில் நுழையும்போதே தலையில் வைத்துவிட வேண்டும். பிரதம அதிதி கையால் கொடுக்க ஏதாவது இருந்தே ஆகவேண்டுமென்றால் எனக்குக் கொடுக்கலாம். ஒரு தேங்காய் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு படத்துக்கு நிற்பேன்.

(இ) கூடாரம் பிள்ளைகளுக்கு. விட்டமின் பெரியவர்களுக்கு. றஊப் ஹாஜியாரை முன்வரிசையில் நிறுத்துவதற்குச் சங்கத்தின் சம்மதத்தை நான் பெற்றுத்தருவேன்.

(ஈ) சூரியன் வேடத்தை வளர்ந்தவர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். உடல்வாகு காரணமாக என் பெயர் பிரேரிக்கப்பட்டால் மறுக்கமாட்டேன்.

இவற்றுக்கு 27ஆம் திகதிக்கு முன்னர் தங்கள் எழுத்துமூலமான பதில் கிடைக்காவிடின் எங்கள் பிள்ளைகள் அன்று மைதானத்துக்கு வரமாட்டார்கள். வரிசை வளையாது. வரிசையே இராது. என் பிள்ளையை மேகமாகவும் அனுப்பமாட்டேன் என்பதை, நகைச்சுவை எதுவும் கலக்காமல், பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் நல்ல முடிவை நிழலில் இருந்தபடி எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
மு. இ. ஆதம்பாவா

இடம்: மூதூர்
திகதி: 19.08.2025

இணைப்புகள்:

i. வைத்தியசாலைச் சிட்டையின் பிரதி.

ii. மேற்சொன்ன வீடியோ. (ஈ வரும் பகுதியைத் தவிர்த்துப் பார்க்கவும்.)

iii. இம்மனுவை ஆதரிக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் கூட்டாக நிற்கும் புகைப்படம். முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பவள் அப்ரா. முகங்கள் தெளிவாக விழவேண்டும் என்பதால் தொப்பிகளைக் கழற்றச் சொல்லி, நேற்று நண்பகல் மைதானத்தில் எடுத்தது. பதினொரு மணிக்கு எடுக்கவிருந்தோம். நான் கடையைப் பூட்டிக்கொண்டு வரச் சற்றுச் சுணங்கிவிட்டது.