ஒன்பது குழியும் பர்கூர் பதவியும்

ஜனவரி 20, திங்கள்

கேன்டீனில் இன்று உறுதியாகிவிட்டது. பர்கூரில் வரப்போகும் எங்கள் புது பிளான்ட்டுக்கு யார் தலைமை என்பதை எம்.டி. ஸ்ரீராம் கோல்ஃப் மைதானத்தில் வைத்துத்தான் முடிவு செய்வாராம். கூட விளையாடிப் பார்த்தால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்றாராம். டிஸ்பாட்ச்சில் லாரி ஏற்றுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது, வழக்கம்போல.

போட்டியில் இரண்டே பேர். குவாலிட்டித் தலைவியான நான், உற்பத்தித் தலைவர் விஜயகுமார். பதினொரு வருஷமாக அவர் செய்யும் பிரேக் பாகங்களில் நான் சிவப்பு அட்டை மாட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்குக்கூட என்னைப் பார்த்து முழுசாகச் சிரித்ததில்லை அவர். இப்போது கோல்ஃப் வகுப்பில் சேர்ந்துவிட்டாராம்.

நாற்பத்தேழு வயதாகிறது எனக்கு. இந்தப் பதவி எனக்கு வேண்டும். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

அத்திபள்ளி தாண்டி, கர்நாடகத்துப் பக்கம் ஒரு மைதானம். கோச் அரை மணி நேரம் நிற்கக் கற்றுக்கொடுத்தார். நிற்கவா? நான் ஷிப்ட் ஷிப்டாக நின்றவள்.

பை தூக்க சென்னம்மா என்று ஒருத்தி வந்தாள். பாகலூர்க்காரி, என் வயதுதான் இருக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் குறைவாகப் பேசுகிறவள். நாற்பது பந்து அடித்தேன். பதினாறு பந்து மட்டையிலேயே படவில்லை. "காத்து நல்லா வருது மேடம்" என்றாள். பாராட்டா, கிண்டலா?

பிப்ரவரி 2, ஞாயிறு

முறையாகச் செய்தால் எதுவும் வரும். ஒவ்வொரு மோசமான அடிக்கும் தொழிற்சாலையில் செய்வது போலவே ஐந்து முறை ஏன் என்று கேட்டு எழுதினேன். பந்து ஏன் இடது பக்கம் போனது? மணிக்கட்டு திரும்பியது. ஏன் திரும்பியது? பிடி இறுகியது. ஏன் இறுகியது? பயம். ஏன் பயம்? விஜயகுமார் பக்கத்து வரிசையில் அடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஏனுக்குப் போவதற்குள் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தப்பாகப் போன பந்துகளைத் தனியே ஒரு சிவப்பு வாளியில் போட்டு வைக்கிறேன். ரிஜெக்ட் ஆனதை நல்லதோடு கலக்கக் கூடாது, இது என் துறையின் முதல் விதி. வீட்டுக்கு எடுத்து வந்து வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். எல்லாம் சரியான அளவு.

வீட்டுக்காரர் ரத்தினவேல் வாளியை எட்டிப் பார்த்தார். "அந்தப் பந்து என்ன தாயி பண்ணுச்சு, பாவம்" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நல்ல பந்துகள் தீர்ந்துவிட்டன.

பிப்ரவரி 23, ஞாயிறு

முதல் தடவை மைதானத்துக்குள் இறங்கினேன். முதல் குழியிலேயே பந்து ஒரு தைல மரத்தில் மோதி எனக்குப் பின்னால் வந்து விழுந்தது. முன்னால் அடித்த பந்து பின்னால் போகும் விளையாட்டு இது ஒன்றுதான். அதற்கப்புறம் எட்டுக் குழிக்கும் அந்த மரம் என் கூடவே வந்தது. மூன்றாவது குழியில் மரத்தை நினைத்துத் தண்ணீரில் அடித்தேன். ஐந்தாவதில் தண்ணீரை நினைத்து மணலில் அடித்தேன். மணலில் ஆறு அடி. அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல எனக்கு அழுகையே வந்துடுச்சு. வயசான காலத்துல இதெல்லாம் எதுக்குடி உனக்கு?

ஏழாவதில் புலம்பிக்கொண்டே இருந்தேன். சென்னம்மா பையைக் கீழே வைத்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை.

"மட்டைய உள்ள வெச்சு நான் ஜிப்பு போடற வரைக்கும் எவ்ளோ வேணாலும் பொலம்புங்க. திட்டுங்க. என்னையும் திட்டுங்க. ஜிப்பு போட்டா அந்தப் பந்து கதை முடிஞ்சுது. அப்புறம் பேசினா நான் பைய இங்கயே வெச்சிட்டுப் போயிடுவன்."

போய்விடுவாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மார்ச் 2, ஞாயிறு

ஜிப் விதியைக் கடைப்பிடித்தேன். இரண்டாவது குழியில் ஜிப் போடும்போது அவள் கையைப் பிடித்து, இன்னும் அரை நிமிஷம் என்று கெஞ்சினேன். கொடுத்தாள். மூன்றாவதிலும் கேட்டேன். கொடுக்கவில்லை.

மொத்தம் 79 அடி. போன வாரம் 92. இந்த விளையாட்டில் எண்ணிக்கை குறைந்தால்தான் நல்லது.

மார்ச் 12, புதன்

அருணா இன்று ஒரு கேஜைத் தவறாக செட் செய்துவிட்டாள். என் துறையில் அளவு பார்க்கும் பெண், நல்ல கைக்காரி. நாற்பது பாகம் வீண். வழக்கம்போல அவள் பின்னாலேயே போய் நின்றேன், ஏன், ஏன் என்று. அடுத்த அரை மணியில் இன்னும் மூன்று தப்பு செய்தாள். என்னை வைத்துக்கொண்டு அவள் அந்தத் தைல மரத்தை விட்டு எப்படி நகர்வாள்?

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் வரை அவளிடமிருந்து ஒரு தப்பு வரவில்லை. காரணத்தை நாளைக் காலைக் கூட்டத்தில் ஒரே தடவை கேட்டு முடித்துக்கொள்ளலாம். பதினொரு வருஷமாக எத்தனை பேர் பின்னால் இப்படி நின்றிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. சென்னம்மா லீவு. நானே பை தூக்கி, நானே திட்டி, நானே ஜிப் போட்டுக்கொண்டேன். ஜிப் போட மறுத்துக்கொண்டு மூன்றாவது குழியில் ரொம்ப நேரம் நின்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

வந்துவிட்டது. எம்.டி. எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ஞாயிறு காலை மூவரும் ஒன்பது குழி ஆடலாமா என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பெரிய முடிவெடுக்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். விஜயகுமாருக்கு வியர்த்துவிட்டது. எனக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முழுசாக எழுதிவிட வேண்டும்.

முதல் அடி: பந்து பத்தடி உருண்டு நின்றது. விஜயகுமார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் அவர் தோள் குலுங்கியது. திட்டினேன், மனதுக்குள், எங்கள் விருதுநகர் பக்கத்துத் திட்டு. சென்னம்மா ஜிப் போட்டாள். இரண்டாவது அடி நேராகப் போனது. நாலாவது குழியில் தண்ணீர், திட்டு, ஜிப், அடுத்த அடி. ஆறாவதில் ஒரு நாய் என் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. அதற்கு எவ்வளவு திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. எம்.டி. விழுந்து விழுந்து சிரித்தார்.

விஜயகுமார் என்னைவிட நன்றாக ஆடினார், ஆறாவது வரை. ஏழாவதில் ஒரு பந்தை மரத்துக்குள் விட்டார். பிறகு அவரால் அதை விடவே முடியவில்லை. காற்று என்றார், புல் என்றார், மட்டை என்றார், யாரோ இருமினார்கள் என்றார். எட்டாவதில் பன்னிரண்டு அடி. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. கொஞ்ச நேரத்தில் பார்க்கவே கஷ்டமாகிவிட்டது. அவர் பிடரியில் வெயில் சுட்டுச் சிவந்திருந்தது.

ஒன்பதாவது குழி. என் பந்து குழிக்கு ஆறடியில். இதைப் போட்டால் 66, என் வாழ்க்கையிலேயே நல்ல ஆட்டம். மட்டையை எடுத்துக்கொண்டு குனியப் போகும்போது விஜயகுமார் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்: பர்கூர் முடிவை எப்போது சொல்வீர்கள் சார்?

எம்.டி.க்குப் புரியவில்லை. "பர்கூரா? அது பொங்கலுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சே. புனேல இருந்து ஒருத்தர் வர்றார். எச்.ஆர். உங்களுக்கு இன்னும் மெயில் போடலையா?"

எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் கோல்ஃப் புடிச்சுத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன்" என்றார். "இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருஷமா கூட ஆட எனக்கு ஆளே இல்ல."

பொங்கலுக்கு முன்னாடி. நான் கோல்ஃப் மட்டையைத் தொடுவதற்கும் முன்னாடி. ஒரு நட்டு வந்தால்கூட எங்கிருந்து வந்தது, யார் அனுப்பியது, சான்றிதழ் எங்கே என்று கேட்கிற நான், இந்தச் செய்தியை யார் சொன்னது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே. ஒரு தடவை. அஞ்சு ஏன் கேட்கத் தெரிஞ்சவளுக்கு ஒரு யாரு கேட்கத் தெரியலையே!

எல்லோரும் நின்றார்கள். பந்து ஆறடியில் கிடந்தது. சென்னம்மாவுக்கு அந்தப் பேச்சு எதுவும் பொருட்டில்லை, குழிப் பக்கம் கொடியைப் பிடித்துக்கொண்டு, அடிக்கிறாயா இல்லையா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதால் குழி இரண்டாகத் தெரிந்தது. இடது பக்கக் குழியைப் பார்த்து அடித்தேன்.

விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. விஜயகுமார் மூன்றடியிலிருந்து நான்கு முறை அடித்தார்.

காரில் சூளகிரிப் பக்கம் எதற்கோ போய், ஓரமாக நிறுத்தி நன்றாக அழுதேன். வீட்டில் 66 என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மெயில் வந்தது. பெயர், படம், வயது முப்பத்தெட்டு. ரத்தினவேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காததைத்தான் தாங்க முடியவில்லை.

காலைக் கூட்டத்தில் விஜயகுமாரின் அறுபது பாகங்களுக்குச் சிவப்பு அட்டை மாட்டினேன். சண்டை போட்டார், குரல் உயர்த்தாமல். கூட்டம் முடிந்ததும் என் மேஜைக்கு வந்து, கேன்டீனில் அதை முதலில் கிளப்பியது யார் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவருக்கும் தெரியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அருணா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

புனேக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனிதர், கேட்டுக்கொள்கிறார். இரண்டு மணி நேரம் எங்கள் பாகங்களைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். வலித்தது. அவர் போனதும் அடுத்த லாட்டைப் பார்க்கப் போனேன். அதில் இரண்டு தப்பு இருந்தது.

ஏப்ரல் 26, சனி

மாலை விஜயகுமாரிடமிருந்து போன். ரொம்ப நேரம் கரண்ட், வெயில், மாம்பழ விலை என்று பேசிவிட்டு, "மேடம், அந்த ஏழாவது குழி… தூக்கமே வரல. நாளைக்கு எத்தனை மணிக்குப் போலாம்?" என்றார். ஐந்தரை என்றேன். எம்.டி.யையும் கூப்பிடலாமா, பாவம் தனியாக இருக்கிறார் என்றார். கூப்பிடுங்கள் என்றேன்.

அலாரம் வைப்பதை ரத்தினவேல் பார்த்துக்கொண்டிருந்தார். "பதவிதான் போயிருச்சே. இப்ப எதுக்குப் போற?" என்றார், நிஜமாகவே தெரியாமல்.

"ஆடறதுக்கு" என்றேன்.